வார்த்தை நின்றபோது நான் இருந்தேன்

எங்கள் மடத்தின் விவாத முற்றத்தில் மஞ்சள் தொப்பி அணிந்து கீழே அமர்ந்துவிட்ட ஒருத்தியை வாதத்தால் மட்டுமே எழுப்ப முடியும். மடத்தின் தலைவரோ, ஒழுங்கைக் கவனிக்கும் கெகோவோ, ஆசிரியரோ அவளை ‘எழுந்திரு’ என்று சொல்லி எழுப்பக் கூடாது. இந்த வழக்கத்தை யார் ஏற்படுத்தினார்கள் என்பதை நான் அறியேன். என் காலத்தில் யாரும் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை. சோதித்துப் பார்க்கும் அளவுக்கு மரியாதையற்றவள் ஒருத்தி எங்கள் நடுவே இருந்ததில்லை என்பதே அதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

சோளம் அறுவடையான பிறகு ஒரு மாலையில் அவ்வாறு சென்று அமர்ந்தவள் நான். என் பெயர் பல்மோ. இதுவரை என்னைப் பற்றி மடத்தில் யாரும் குறை கூறியதில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆண்டுதோறும் பிக்குணி மடங்கள் அனைத்தும் ஓரிடத்தில் கூடிப் பெருவிவாதம் நடத்துகின்றன. ஒவ்வொரு மடத்தின் சார்பிலும் ஒருத்தி அமர்ந்து தன் மரபின் நிலைப்பாட்டைக் காக்க வேண்டும்; மற்ற மடத்தினர் நின்றுகொண்டு அவளைத் தாக்குவார்கள். இவ்வாண்டு எங்களுக்கு வந்த பொருள், மனம் உடலிலிருந்து பிறக்கிறதா என்பது. பிறக்கவில்லை என்பது எங்கள் நிலை. மனம் முந்தைய கணத்து மனத்திலிருந்தே வருகிறது. உடல் அதற்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். இதைக் காப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே என்னைத் தேர்ந்திருந்தார்கள். அதற்காகவே நான் படித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

பிறகு என் தலையின் இடப்புறத்தில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. ஹூப்ளியில் அறுவை சிகிச்சை நடந்தது. ஊர் திரும்பிய ஒரு மாதம் கழித்து, நாங்கள் கென் லா என்று அழைக்கும் எங்கள் ஆசிரியர் தோண்டுப் அவர்கள் என்னைத் தம் அறைக்கு அழைத்தார்.

“வா பல்மோ, உக்காரு. டீ குடி. டாக்டர் என்ன சொன்னாரு?”

“நல்லா இருக்கேன்னு சொன்னாரு, கென் லா.”

அந்த வாக்கியத்தை நான் படிக்கட்டில் ஏறும்போதே சேர்த்து வைத்திருந்தேன். அதனால் தடையின்றி வந்தது.

“நல்லா இருக்க. அதான் வேணும்.” அவர் என் கிண்ணத்தில் மேலும் வெண்ணெய்த் தேநீரை ஊற்றினார். “நான் ஒண்ணு நெனச்சிருக்கேன். பெருவிவாதத்துக்கு இந்த வருஷம் சோக்கி உக்காரட்டும்.”

நான் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். நீ ஒரு பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள அங்க கத்தித் தீத்துருவாங்க. வெளி மடத்துப் பொண்ணுங்க. அதுங்களுக்கு இரக்கம் கிரக்கமெல்லாம் கிடையாது. தலைய வேற பாத்துக்கணும். ஒடம்பு மொதல்ல, மத்தது அப்பறம்.”

அவர் கூறியது உண்மைதான். அமர்ந்திருப்பவள் பதில் கூறத் தாமதித்தால் சுற்றியிருப்பவர்கள் ‘சிர், சிர்’ என்று கத்துவது எங்கள் வழக்கம். சொல், சீக்கிரம் சொல் என்று பொருள். ஆனால் அவருடைய கடைசிச் சொற்கள் என் காதில் விழுந்த பிறகு மற்றவை மறைந்துபோயின.

“ஒடம்பு மொதல்லயா, கென் லா?”

“பின்ன?”

“அப்படின்னா… எதிர்… அந்த…”

எதிராளி என்ற சொல் எனக்கு வேண்டியிருந்தது. அதன் வடிவம் தெரிந்தது, எடை தெரிந்தது, சொல் வரவில்லை. அதற்குப் பதிலாக ‘கரண்டி’ என்ற சொல் நாக்கின் நுனியில் வந்து நின்றது. அதை விழுங்கினேன்.

“பாத்தியா,” என்றார் அவர், மிகுந்த அன்புடன். “சிரமப்படாத. போய் ரெஸ்ட் எடு.” ஒரு பிஸ்கட் பொட்டலத்தை என் இரு கைகளிலும் வைத்து மூடினார்.

அந்தப் பொட்டலத்துடன் நான் படியிறங்கினேன். பெரியவர் கொடுத்ததை மறுக்க முடியாது. எறியவும் முடியாது.

*

அறுவை சிகிச்சையின்போது என்னை விழிக்கச் செய்திருந்தார்கள். பேச்சு இருக்கும் இடத்துக்கு அருகில் கட்டி இருந்ததால், வெட்டக் கூடாத இடத்தை அறிவதற்கு நான் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று மருத்துவர் கூறினார். எதை வேண்டுமானாலும் பேசலாம். சிலர் பாடுவார்கள், சிலர் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்வார்கள் என்றார். எனக்குப் பிள்ளைகள் இல்லை. சிறுமியாக மனப்பாடம் செய்த அளவை நூலை முதல் அடியிலிருந்து ஓதத் தொடங்கினேன்.

அவர் மெல்லிய கம்பியால் என் மூளையின் ஓரிடத்தைத் தொட்டார். வலி எதுவும் இல்லை. ஆனால் அடி பாதியில் நின்றுவிட்டது.

கம்பியை எடுத்தார். விட்ட சொல்லிலிருந்து அடி தொடர்ந்தது. மீண்டும் தொட்டார். மீண்டும் நின்றது.

எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த செவிலிப் பெண் ஒருத்தி என் முகத்தருகே குனிந்து, மருத்துவர் கன்னடத்தில் கூறியதை என்னிடம் சொன்னாள். “இங்கதான் உங்க நூல் இருக்குதாம், அச்சா லா. இத வெட்ட மாட்டாராம். பக்கத்துல கொஞ்சம் வெட்டியாகணுமாம்.” அச்சா லா என்றால் அக்கா.

அந்தக் கம்பி தொட்டிருந்த நேரத்தைப் பற்றி நான் அதற்குப் பிறகு நிறையச் சிந்தித்திருக்கிறேன். அந்த நேரத்தில் விளக்கு என்ற சொல் இல்லை; விளக்கு இருந்தது. குளிர் என்ற சொல் இல்லை, பாதங்கள் குளிர்ந்துகொண்டிருந்தன. ஓர் அடி வரவேண்டிய இடத்தில் வரவில்லை என்பது தெரிந்தது. ‘நான்’ என்ற சொல்கூட இல்லை. ஆயினும் அங்கே ஒன்றும் இல்லாமல் இல்லை. நின்றது நூல். நூல் நின்றதை அறிந்தது நிற்கவில்லை.

மருத்துவர் நல்லவர். என் தலையில் தையல் பிரித்த நாளன்று, “முடி வளந்துட்டா தழும்பு தெரியவே தெரியாதும்மா,” என்று ஆறுதல் கூறினார். அதைச் செவிலி மொழிபெயர்த்துவிட்டு, என் துவராடையைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

*

சோக்கி சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவளும் நானும் ஒரே ஆண்டில் மடத்தில் சேர்ந்தவர்கள். முற்றத்தில் அவள் நின்றால் எதிரில் அமர்ந்திருப்பவர்கள் முதலில் தங்கள் கண்ணாடியைக் கழற்றிப் பத்திரப்படுத்திக்கொள்வார்கள். கேள்வியை வீசும்போது அவ்வளவு வேகமாகக் கைதட்டுவாள்.

“நான் கேக்கலடி,” என்றாள், என்னைக் கண்டதும். “அவராத்தான் கூப்பிட்டுச் சொன்னாரு.”

“தெரியும்.”

“மூஞ்சிய அப்படி வெச்சுக்காத. வேணும்னா கால்ல விழறேன்.”

“மாவுக் கையோட வேண்டாம்.”

அவள் சிரித்தாள். “பாரு, கிண்டல்னா மட்டும் டக்குனு வருது.”

சமையலறைப் பொறுப்பாளரான பெமா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். எங்களைவிட மூத்தவர். முற்றத்துப் பக்கமே வராதவர். “படிச்சுப் படிச்சு தலையில காத்து ஏறிப்போச்சு,” என்றார் கத்தியை நிறுத்தாமல். “வேற ஒண்ணும் இல்ல. நாங்க கெழங்கு உரிக்கறோம். எங்களுக்கு ஏதாச்சும் வந்துச்சா?”

“உங்களுக்குக் காத்து ஏறணும்னா உள்ள எடம் வேணுமே, அச்சா லா,” என்றாள் சோக்கி.

“வாய் மட்டும் இல்லன்னா நாய் இழுத்துட்டுப் போயிரும் உன்ன.”

நான் பிஸ்கட் பொட்டலத்தை மேடையில் வைத்தேன். சேர்த்து வைத்திருந்ததை ஒவ்வொரு சொல்லாக எடுத்தேன். “சோக்கி. சாயங்காலம் நான் உக்காரப் போறேன்.”

“எங்க?”

“முற்றத்துல. தொப்பியோட.”

பெமாவின் கத்தி நின்றது. சோக்கி கைகளைத் துடைத்துக்கொண்டாள்.

“அவர்கிட்ட சொல்லிட்டியா?”

“இல்ல.”

“கெகோகிட்ட?”

“இல்ல. உக்காந்துட்டா… எழுப்பக் கூடாது. வாதத்தாலதான் எழுப்பணும்.”

“அது சும்மா பேச்சுக்குடி. யாரு அப்படிச் செய்வா?”

“நான். நீதான் எதிர்ல நிக்கணும்.”

“மாட்டேன்.”

“நீ நிக்கலன்னா வேற ஒருத்தி நிப்பா. பாவம்னு மெதுவாக் கேப்பா.” அடுத்த சொல்லுக்காக நான் காத்திருந்தேன். அவளும் காத்திருந்தாள். “அது இந்த பிஸ்கட்டு மாதிரி ஆயிரும். எனக்கு அது வேண்டாம். நீ முழுசா அடிக்கணும்.”

“அழுவ.”

“அழுவேன். எழுந்திரிக்க மாட்டேன்.”

சோக்கி பொட்டலத்தைப் பிரித்து ஒரு பிஸ்கட்டைத் தின்றாள். “மூணு தடவ மாட்டுனா தொப்பியக் கழட்டணும். அதுலயும் சலுக கிடையாது.”

“கிடையாது.”

“தலைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?”

“அதத்தான கேக்கப் போற,” என்றேன். “அங்க கேளு.”

*

வெயில் தணிந்து மாமரங்களின் நிழல் முற்றத்தின் குறுக்கே விழுந்திருந்தது. பிக்குணிகள் இணை இணையாகப் பிரிந்து நிற்கத் தொடங்கிய வேளையில், நான் நடுவில் சென்று, தொப்பியை அணிந்து, கற்தரையில் அமர்ந்தேன். தொப்பியின் விளிம்பு சரியாகத் தழும்பின்மீது அழுத்தியது.

கெகோ விரைந்து வந்தார். வாயைத் திறந்தார். பிறகு வழக்கம் நினைவுக்கு வந்தது போலும். மூடிக்கொண்டு தம் நாற்காலியில் அமர்ந்திருந்த கென் லாவைத் திரும்பிப் பார்த்தார். கென் லா கையிலிருந்த மணிமாலையை உருட்டுவதை மட்டும் நிறுத்தினார். ஒவ்வோர் இணையாகத் தங்கள் விவாதத்தை விட்டு எங்களைச் சூழ்ந்தார்கள்.

அமர்ந்திருப்பவளுக்கு நான்கே பதில்கள்தாம் உண்டு. ‘ஒத்துக்கொள்கிறேன்’, ‘காரணம் நிற்கவில்லை’, ‘அதிலிருந்து இது வராது’, ‘ஏன்?’ இவற்றைத் தாண்டி அவள் பேச வேண்டுமானால், எதிரில் நிற்பவர் அவளிடம் காரணம் கேட்க வேண்டும். என்னைப் போன்ற ஒருத்திக்கு இது சாதகமான ஏற்பாடு என்று நான் எண்ணியிருந்தேன். நான்கைச் சேர்த்து வைப்பது கடினமல்லவே.

சோக்கி மேலாடையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். வணங்கினாள். இடக்காலைத் தூக்கித் தரையில் ஓங்கி மிதித்து, என் முகத்துக்கு நேராகக் கைதட்டினாள்.

“மனசு ஒடம்புலருந்துதான் பொறக்குது!”

‘ஏன்?’ என்பதே என் பதில். அதை உள்ளிருந்து அனுப்பினேன். வெளியே வந்தது வேறு.

“ஒத்துக்கிறேன்.”

முற்றம் சிரிப்பில் வெடித்தது. “ட்ஸா!” என்று பத்துப் பதினைந்து குரல்கள் ஒன்றாக எழுந்தன. முடிந்தது என்று பொருள். தன் நிலையைத் தானே உடைத்துக்கொண்டவளுக்கு அதுதான் கிடைக்கும்.

சோக்கி எனக்கு இரங்கவில்லை. “கேட்டுக்கங்க,” என்றாள் சுற்றிலும் பார்த்து. “இன்னியிலருந்து நம்ம மடம் உலகாயதர் மடம். மறுபிறவி கெடையாது. காலைல நாலு மணிக்கு எழுந்திரிக்க வேண்டாம். கெகோ லா, மணிய வித்துரலாமா?”

கெகோவே சிரித்துவிட்டார்.

“நாக்கு சொல்லுச்சு,” என்றேன். “நான் சொல்லல.”

“நாக்கு யாரோடது?”

அது பதில் கூறக்கூடிய கேள்வியாக இல்லாததால் நான் காத்திருந்தேன். சோக்கி புரிந்துகொண்டு மாற்றினாள்.

“நாக்கு உன்னோடது.”

“ஒத்துக்கிறேன்.”

“உன் நாக்கு சொன்னா நீ சொன்னதுதான்.”

“சிர், சிர்,” என்று பின்னாலிருந்து தொடங்கினார்கள். நான் ஒவ்வொரு சொல்லாக எடுத்தேன்.

“அதுலருந்து… இது வராது.”

“சரி, அத விடு. ஹூப்ளிக்குப் போவோம்.” அவள் பின்னால் சென்று, ஓடி வந்து, கைதட்டினாள். காற்று என் முகத்தில் பட்டது. “டாக்டர் கம்பியால தொட்டப்ப உன் நூல் நின்னுச்சு.”

“ஒத்துக்கிறேன்.”

“கம்பிய எடுத்தப்ப வந்துச்சு.”

“ஒத்துக்கிறேன்.”

“அப்ப நூல் மூளையிலதான் இருக்கு.”

இங்கே மறுக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நானும் பல இரவுகள் மறுத்துப் பார்த்திருக்கிறேன். நடந்ததை மறுத்துவிட்டு எதைக் காப்பது?

“ஒத்துக்கிறேன்.”

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. சோக்கியின் கண்கள் சுருங்கின.

“நூல் மூளையில இருந்தா, நூலப் படிச்ச மனசும் மூளையிலதான் இருக்கு.”

“அதுலருந்து இது வராது.”

“நூல் நின்னப்ப மனசும் நின்னுச்சு.”

“காரணம் நிக்கல.”

“மனசு நிக்கலன்னா, நூல் நின்னத அறிஞ்சது மனசுதான்.”

“ஒத்துக்கிறேன்.”

“எந்த மனசு? வார்த்த இல்லாம நின்ன அந்த மனசே தன்னத் தானே அறிஞ்சுச்சா, இல்ல வேற மனசு ஒண்ணு வந்து அத அறிஞ்சுச்சா?” தட்டிய கையை அவள் அப்படியே நீட்டி வைத்திருந்தாள். “அந்த மனசே தன்ன அறிஞ்சுச்சு. சரியா?”

எங்கள் மரபைச் சேர்ந்தவளுக்கு மட்டுமே இது பொறி. மனம் தன்னைத் தானே அறிவதில்லை என்பது எங்கள் நிலை. தராசு எதையும் நிறுக்கும், தன்னை நிறுக்காது. சிறுமியாக முற்றத்தில் அமர்ந்த முதல் மாதத்திலேயே இதை எங்களுக்குக் கற்பித்துவிடுவார்கள். வேறு மரபினர் ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்று கூறிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். நாங்கள் கூறக் கூடாது.

ஆனால் நான் அங்கே இருந்தவள். அந்த விளக்கையும் அந்தக் குளிரையும் எனக்கு அறிவிக்க யாரும் பின்னால் வந்ததாக எனக்கு நினைவில்லை. கற்றதைக் கூறுவதா, இருந்ததைக் கூறுவதா என்று எண்ணிக்கொண்டிருக்கும்போதே, நாக்கு இம்முறை எவ்விதத் தடையுமின்றிக் கூறியது.

“ஒத்துக்கிறேன்.”

“ட்ஸா!”

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. முதல் மாதத்துப் பிழை அது. இரண்டாவது முறை மாட்டியிருந்தேன். சோக்கி மூச்சு வாங்கினாள். அவளுடைய கண்கள் கலங்கியிருந்தன. ஆனால் கை இறங்கவில்லை. அதற்காக நான் அவளுக்கு நன்றியுடையவள்.

“நம்ம மரபுப்படி அந்த மனசு தன்ன அறியல. நீ இப்ப சொல்றதெல்லாம் பின்னால வந்த ஞாபகம். ஞாபகம் மூளையில இருக்கு. கம்பி அங்கயும் போகும். அதனால அந்த நேரத்துல மனசு இருந்துச்சுங்கறதுக்குச் சாட்சியே கெடையாது.”

நான் பதிலைத் தேடினேன். அது எங்கோ இருந்தது. நான்கில் ஒன்றுதான், ஆனால் எது?

“சிர், சிர், சிர்.”

சோக்கி மூன்றாவது முறை கையை ஓங்கினாள். தொப்பியின் விளிம்பின் கீழ் தழும்பு துடித்தது. என் கன்னத்தில் கண்ணீர் வழிவதை அப்போதுதான் உணர்ந்தேன்.

“போதும்.”

கென் லா நாற்காலியிலிருந்து எழுந்து எங்கள் நடுவே வந்திருந்தார். அவருடைய குரலில் கோபம் இல்லை. “போதும் சோக்கி. பல்மோ, எழுந்திரும்மா.”

அவர் மனம் பொறுக்காமல்தான் அவ்வாறு கூறினார் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. அவர் என்னைத் தம் மகளைப் போல் நடத்தியவர். ஆயினும் அமர்ந்திருப்பவளின் முன்னால் நின்று ஒன்றைக் கூறியவர், அவர் யாராயினும், நிற்பவராகிவிடுகிறார். எனக்கு நான்கு பதில்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று மிகவும் சிறியது.

“ஏன்?”

கெகோ நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கென் லா என்னை உற்றுப் பார்த்தார். தாம் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. மற்றவராக இருந்தால் திரும்பிப் போயிருப்பார். அவர் நின்றார்.

“ஏன்னா உன் தலைக்கு நல்லதில்ல.”

“காரணம் நிக்கல.” டாக்டர் என்னைப் பேச வேண்டாம் என்று கூறியதில்லை.

“உனக்கு வார்த்த மெதுவா வருது.”

“ஒத்துக்கிறேன்.”

“மெதுவா வர்றவ பெருவிவாதத்துல உக்கார முடியாது.”

“அதுலருந்து இது வராது.”

“ஏன் வராது?”

அவர் கேட்டுவிட்டார். இனி நான் பேசலாம். தேநீருடன் நின்றுபோன வாக்கியம், அன்று முழுவதும் எனக்குள் அதே இடத்தில் கிடந்தது. நான் கைகூப்பினேன், அமர்ந்தபடியே தலை தாழ்த்தினேன்.

“கென் லா. இன்னிக்கு நீங்க… ஒடம்பு மொதல்லன்னு சொன்னீங்க.”

“சிர்,” என்றது பின்னால் ஓர் இளங்குரல், பழக்கத்தால். யாரோ அவளைக் கிள்ளினார்கள். “கிள்ளாதீங்க,” என்றேன். “கத்தட்டும்.”

எதிராளி என்ற சொல் அப்போதும் வரவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு சென்றேன்.

“ஒடம்பு மொதல்லன்னா, எதிர்ல நிக்கறவங்க… ஜெயிச்சாச்சு. அங்க போய்க் காப்பாத்த ஒண்ணும் இல்ல. சோக்கியும் போக வேண்டாம். மனசு ஒடம்போட புள்ள இல்லன்னா…” இங்கே நெடிய இடைவெளி விழுந்தது. ‘சிர், சிர்’ எழுந்தது, உயர்ந்தது, நான் அதன் நடுவிலேயே அடுத்த சொல்லைக் கண்டெடுத்தேன். “இந்த வெட்ட வெச்சு என்ன எழுப்பக் கூடாது. நாம எத நம்பறோம்னு மத்தவங்களுக்குச் சொல்றோமோ, அத… மொதல்ல என்கிட்ட காட்டுங்க. ரெண்டுல எதுன்னு நீங்க சொல்லுங்க, கென் லா.”

இதைக் கூறி முடிக்க நான் எடுத்துக்கொண்ட நேரத்தில் சோக்கி ஒரு பிஸ்கட் பொட்டலத்தையே முடித்திருப்பாள். ஆசிரியரிடம் அவ்வாறு பேசியவள் நான் என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை. ஆயினும் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெற விரும்பவில்லை.

கென் லா பேசவில்லை. அவருடைய பார்வை என் தொப்பியின் விளிம்பில், தழும்பு வெளியே தெரியும் இடத்தில் இருந்தது. நேரம் சென்றது.

“சிர்.”

எல்லோரும் திரும்பினார்கள். சமையலறை வாசலில், கையில் கிழங்குக் கூடையுடன் பெமா நின்றிருந்தார். முற்றத்துப் பக்கமே வராதவர்.

“என்ன பாக்கறீங்க?” என்றார். “அவர் மட்டும் மெதுவா சொல்லலாமா?”

யாரோ சிரிப்பை அடக்க முயன்று தோற்றார்கள். பின்னர் ஒரு குரல், இரண்டு குரல், பிறகு முற்றம் முழுவதும், மாமரத்துக் காகங்கள் கிளம்பும்படி, எங்கள் ஆசிரியரை நோக்கி ‘சிர், சிர், சிர்’ என்று கத்தியது. கெகோ அதட்டவில்லை. அவருடைய உதடுகளும் அசைந்ததாகப் பிறகு சோக்கி கூறினாள். நான் பார்க்கவில்லை.

கென் லா கையை உயர்த்தினார். ஓசை அடங்கியது.

“ஒடம்பு மொதல்லன்னு நான் சொன்னது தப்பு,” என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. “வயசான மனுஷன் டீ ஊத்தும்போது சொன்னது. ஆனாலும் வாயிலருந்து வந்தது என்னோடதுதான். திருப்பி எடுத்துக்கறேன்.” பிறகு என்னிடம் குனிந்தார். “ஒண்ணு தெரிஞ்சுக்க. அங்க உனக்காக யாரும் காத்திருக்க மாட்டாங்க. நானும் குறுக்க வர மாட்டேன்.”

“வராதீங்க, கென் லா.”

“அங்க யார் போறாங்கறத இங்க உக்காந்திருக்கறவதான் முடிவு பண்ணணும். எழுப்ப முடிஞ்சா எழுப்பட்டும்.” அவர் சோக்கியை நோக்கினார். “எங்க விட்ட?”

“சாட்சியில விட்டேன், கென் லா.”

“அடி.”

அவர் நாற்காலிக்குத் திரும்பவில்லை. கூட்டத்தோடு கூட்டமாகக் கற்தரையில், வலிக்கும் முழங்கால்களை மடக்கி, மெல்ல அமர்ந்தார்.

சோக்கி புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். பின்னால் சென்றாள். இம்முறை இன்னும் தொலைவு சென்றாள். ஓடி வந்து, கால் மிதித்து, அன்று மாலை தட்டியவற்றிலேயே ஓங்கிய தட்டைத் தட்டினாள்.

“அந்த நேரத்துல மனசு இருந்துச்சுங்கறதுக்குச் சாட்சி இல்ல. சாட்சி இல்லாததால அந்த நேரத்துல மனசே இல்ல!”

“சிர், சிர், சிர்.”

அவர்கள் கத்தினார்கள். இரக்கமின்றி, முழுத் தொண்டையுடன், ஒரு நல்ல மடத்தில் கத்த வேண்டிய முறையில் கத்தினார்கள். சொற்கள் நான்கும் இருளில் எங்கோ இருந்தன. ஆனால் சொற்கள் இல்லாத இடம் எனக்குப் புதிதல்ல. அங்கே நான் முன்பே இருந்திருக்கிறேன். அமர்ந்திருந்தேன். கல்லின் சூடு இருந்தது. தொப்பியின் அழுத்தம் இருந்தது. எதிரே நீட்டிய அந்தச் சிவந்த உள்ளங்கை இருந்தது. சாட்சியைக் காட்ட முடியாததாலேயே ஒன்று இல்லாமல் போய்விடுமா?

பதில் வந்தது. மெதுவாகத்தான் வந்தது.

“அதுலருந்து… இது… வராது.”

சோக்கியின் கை காற்றில் நின்றது. “ஏன் வராது?” என்று கேட்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும்; கேட்டால் நான் பேசுவேன். சற்று முன்னர் அதைக் கேட்டவருக்கு என்ன நேர்ந்தது என்பதை அவள் பார்த்தவள். அவள் வேறு வழியைத் தேடினாள். நான் அவளுக்காகக் காத்திருந்தேன். யாரும் அவளை நோக்கி ‘சிர்’ என்று கத்தவில்லை. நிற்பவர்களுக்கு அந்த வழக்கம் இல்லை.

பிறகு அவள் மற்றொரு பக்கத்திலிருந்து தாக்கினாள். அது முடிந்ததும் இன்னொரு பக்கத்திலிருந்து. மாலை வழிபாட்டுக்கு மணி அடிக்கும்வரை அவள் நிறுத்தவில்லை. மூன்றாவது ‘ட்ஸா’ எழவில்லை.

மணி அடித்ததும் எல்லோரும் கலைந்தார்கள். சோக்கி என் அருகே தொப்பென்று அமர்ந்து, சிவந்து வீங்கிய உள்ளங்கைகளை ஊதிக்கொண்டாள்.

“தன்னத் தானே அறியும்னு சொன்னியேடி,” என்றாள். “அங்க போயும் அதச் சொன்ன, ஒரே நிமிஷத்துல முடிச்சுருவாங்க.”

“சொல்லுவேன்.”

“நம்ம மரபுல அது தப்பு.”

“தப்புன்னு… காட்டட்டும்.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “நாளைக்கும் நிப்பேன். விட மாட்டேன்.”

“நில்லு,” என்றேன்.

கென் லா இன்னும் எழுந்திருக்கவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டது போலும். கெகோ கை கொடுக்கச் சென்றார். அவர் அந்தக் கையை விலக்கிவிட்டு, தரையை ஊன்றி, தாமாகவே, மிக மெதுவாக எழுந்தார்.

தொப்பி தழும்பின்மேல் உறுத்திக்கொண்டிருந்தது. வழிபாட்டு மண்டபத்தின் படி வரையிலும் நான் அதைக் கழற்றவில்லை.